வரைபடத்துக்குப் பக்கத்தில்

பெற்றோர் கூட்டங்களில் என்னிடம் ஒரு கேள்வி தவறாமல் வரும். ஆறாம் தரத்திலிருந்து ஒன்பதாம் தரம் வரைக்கும் படிக்கிற பிள்ளைகளுக்கு உலக நாடுகளைப் பற்றியெல்லாம் எதற்கு, சோதனைக்கு வராதே என்று யாராவது ஒரு வாப்பா எழும்பிக் கேட்பார். நான் இப்போது அந்த வயதுப் பிள்ளைகளுக்குத்தான் படிப்பிக்கிறேன். பதில் கைவசம் இருக்கிறது. பிள்ளை தன் ஊரை வேறு ஊர்க்காரரின் கண்ணால் பார்க்கப் பழகும், கேள்வி கேட்கப் பயப்படாது, தன்னைப் போல இல்லாதவரோடு சேர்ந்து வேலை செய்யத் தெரிந்துகொள்ளும் என்று சொல்வேன். எல்லாம் உண்மைதான், மனதாரச் சொல்கிற உண்மை. ஆனால் சொல்லும்போதே எனக்குக் காதெல்லாம் சூடேறும். கரி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று கன்னத்தைத் தடவிப் பார்ப்பேன். அந்தப் பாடம் உங்களுக்கு என்ன தந்தது டீச்சர் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் ஒரு கிடுகுக் குடிலைப் பற்றித்தான் சொல்ல வேண்டிவரும்.

யுத்தம் முடிந்த பிறகு வந்த வருடங்கள் அவை. கற்பிட்டிப் பக்கம், கண்டக்குழிக்குப் போகிற பாதையிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் ரோடு. அதற்கு ஒரு நல்ல பெயர் இருந்தது, பெயர்ப் பலகையும் இருந்தது. ஊர் அதை அகதி ரோடு என்றே சொன்னது. யாரும் கெட்ட மனதோடு சொல்லவில்லை. கடைக்காரர் சாமான் அனுப்பும்போது அப்படிச் சொல்வார், த்ரீவீல்காரர் சொல்வார், ஏன், வழி கேட்டு வருகிறவர்களுக்கு நாங்களே அப்படித்தான் சொன்னோம். என் உம்மாவும் வாப்பாவும் மன்னார்ப் பக்கத்து ஆட்கள். முஸ்லிம்கள் எல்லாரும் வெளியேற வேண்டும் என்று அங்கே சண்டை பிடித்துக்கொண்டிருந்த இயக்கம் சொன்னபோது, வள்ளத்தில் ஏறி இந்தக் கரையில் வந்து இறங்கினார்கள். நான் இங்கே பிறந்தவள். உம்மா “எங்கட ஊர்” என்று சொன்னால் அது நான் ஒரு நாளும் பார்க்காத ஊர்.

அவர்கள் வந்திறங்கியபோது இந்த ஊர்ச் சனம் பள்ளிவாசலைத் திறந்துவிட்டது, பாடசாலையைத் திறந்துவிட்டது, பெரிய பெரிய சட்டிகளில் சோறு ஆக்கிக் கொண்டுவந்து கொடுத்தது. அதை உம்மா மறக்கவில்லை, எங்களையும் மறக்க விடவில்லை. நன்றி சொல்லிச் சொல்லியே வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். தண்ணீர் பவுசர் லொறி வரும்போது யாராவது வரிசையில் முந்தினாலும், வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் எங்கள் ரோட்டைத் தாண்டிப் போனாலும் உம்மா ஒன்றைத்தான் சொல்வார். “இடம் தந்த ஆக்களோட முகம் முறிக்கப்படாது புள்ள.” எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்த கோபத்தை விழுங்கி விழுங்கி, வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை என்று பெயர் எடுத்திருந்தேன்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் வீடு தென்னோலைக் கிடுகால் வேய்ந்த குடில். மழைக்கு ஒழுகுகிற இடங்களில் உம்மா சட்டி வைப்பார், நாங்கள் சட்டிகளுக்கு நடுவில் படுப்போம். பிறகு வீட்டுத் திட்டத்தில் கல் வீடு கிடைத்தது. சுவர் பூசுவதற்கு வசதி வரவில்லை. பூசாத அந்தச் சுவரையும் உம்மா தினமும் தூசு தட்டுவார். நான் சொல்லப்போகிற காலத்தில் வாப்பா வீட்டில் இல்லை. சண்டை முடிந்துவிட்டது, காணியைத் துப்புரவாக்கலாம் என்று ஊருக்குப் போயிருந்தார். காணி முழுக்கக் காடாகிக் கிடந்தது. அதற்குள் தறப்பாள் ஒன்றைக் கூரையாக இழுத்துக் கட்டிக்கொண்டு அவர் தனியாகக் காடு வெட்டிக்கொண்டிருந்தார். பின்னேரம் சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு நடந்து வந்து கோல் எடுப்பார்.

நான் எட்டாம் தரத்தில் இருந்தபோதுதான் அந்தப் பாடம் வந்தது. சில பாடசாலைகளைத் தெரிந்தெடுத்து, பரீட்சார்த்தமாகக் கனிஷ்ட இடைநிலை வகுப்புகளுக்குக் கொடுத்தார்கள். நீளமான பெயர் ஒன்று இருந்தது, நாங்கள் உலகப் பாடம் என்றோம். அதைப் படிப்பிக்க வந்தவர் புத்தளம் டவுனிலிருந்து பஸ்ஸில் வருகிற ஓர் இளம் டீச்சர். எங்கள் பாடசாலையில் சிரித்துக்கொண்டே வகுப்புக்குள் வருகிற ஒரே ஆள் அவர்தான். பாடசாலை அதிபருக்கு அந்தச் சிரிப்பில் கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

அந்தப் பாடத்துக்குப் பாடப் புத்தகம் இல்லை. வருடத்துக்கு மூன்று தவணை, தவணைக்கு ஒரு கேள்வி. அந்தக் கேள்வியை எங்கள் ஊரில் கேட்க வேண்டும், வேறு மாவட்டத்தில் ஒரு பாடசாலையிடம் கேட்க வேண்டும், வேறு நாட்டில் ஒரு பாடசாலையிடமும் கேட்க வேண்டும். முதல் தவணைக் கேள்வி, உங்கள் ஊரில் காற்றுக்கு என்ன பெயர் என்பது. நாங்கள் கரைக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தோம். கச்சான், வாடை, சோழகம். எந்தக் காற்றுக்குக் கடலுக்குப் போகலாம், எதற்குப் போகக் கூடாது என்றெல்லாம் டீச்சரின் போனில் பேசிப் பதிந்து அனுப்பினோம். தூரத்தில், குளிர் நாடொன்றின் மீன்பிடி ஊரிலிருந்து எங்கள் வயதுப் பிள்ளைகள் பதில் அனுப்பினார்கள். அவர்களிடமும் காற்றுக்குக் காற்று பெயர் இருந்தது. கச்சான் நேரத்தில் எங்கட வாப்பா வேலையில்லாமல் வீட்டிலிருந்து உம்மாவோடு சண்டை பிடிப்பார் என்று எங்கள் வகுப்பில் ஒருத்தி சொல்லியிருந்தாள். எங்கள் வீட்டிலும் அப்படியே என்று அங்கிருந்து ஒரு பிள்ளையின் குரல் வந்தது. டீச்சர் அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. உலகம் என்பது சமூகக் கல்விப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் என்று நினைத்திருந்தவள் நான். அன்று அது பக்கத்து வீடுபோல் இருந்தது.

இன்னொன்றும் டீச்சர் பழக்கினார். ஒரு நாள் பத்திரிகைப் படம் ஒன்றைக் கொண்டுவந்தார். கண்டக்குழிக் கரையில் வெள்ளைக்காரர்கள் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்குகிற படம், பக்கத்தில் விடுதி முதலாளி. ஒரு மூலையில், வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கி நிற்கிற ஒருவர். “இந்தப் படத்தில யார்ட கதையக் கேக்கல்ல?” என்று டீச்சர் கேட்டார். நாங்கள் அந்த மூலையைக் காட்டினோம். அன்றிலிருந்து எந்தப் படத்தைப் பார்த்தாலும், எந்தச் செய்தியைக் கேட்டாலும் அந்தக் கேள்விதான். எனக்கு அது பைத்தியம் மாதிரிப் பிடித்துக்கொண்டது. மற்றப் பாடங்களில் நான் நடுத்தரம்தான். இந்தப் பாடத்தில் கேள்வி கேட்டால் புள்ளி கிடைத்தது. விழுங்கி வைத்திருந்ததெல்லாம் கேள்வியாக வெளியே வந்தது. டீச்சர் என்னைப் பார்த்து, “உங்களுக்கு இது நல்லா வருது மகள்” என்று சொன்ன நாளில் நான் வீட்டுக்கு நடந்து போகவில்லை, ஓடிப் போனேன்.

மூன்றாம் தவணைக்குக் கேள்வி இடம்பெயர்ந்தவர்களைப் பற்றி வந்தது. சொந்த இடத்தை விட்டுப் போகிறவர்கள் எங்கே போகிறார்கள், போன இடத்தில் எப்படி வாழ்கிறார்கள். டீச்சர் பெரிய உலக வரைபடம் ஒன்றைச் சுவரில் மாட்டினார். எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்குச் சனம் போனது என்று நாங்கள் நிற நூல்களை ஊசி குத்தி இழுத்துக் கட்டினோம். ஆப்பிரிக்காவுக்குள் நூல், அரபு நாடுகளிலிருந்து ஐரோப்பாவுக்கு நூல். மன்னாரிலிருந்து கற்பிட்டிக்கு ஒரு நூலும் ஓடவில்லை. வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் உள்ளூர்ப் பிள்ளைகள், மிச்சம் எங்கள் ரோட்டுப் பிள்ளைகள். ஒருவரும் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. நிம்மதியாக இருந்தது.

தவணை முடிவில் கண்காட்சி. கல்வி வலயத்திலிருந்து பெரியவர்கள் வருவார்கள், பெற்றோர் வருவார்கள். வரைபடத்துக்குப் பக்கத்தில் நின்று தமிழிலும் இங்கிலீசிலும் விளக்கப் போகிறவள் நான் என்று டீச்சர் சொல்லிவிட்டார். நான் இரண்டு மொழியிலும் பாடமாக்கினேன். குளிக்கும்போதும் சொன்னேன், பாண் வாங்கப் போகும்போதும் சொன்னேன். உம்மா வாப்பாவுக்குக் கோலில் அறிவித்தார். “மேப்பக் காட்டி இங்கிலீசில விளக்கப் போறாவாம் உங்கட மகள்.” அந்தப் பக்கத்தில் வாப்பா என்ன சொன்னாரோ தெரியாது, உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்குப் புதுப் பர்தா வாங்கித் தந்தார். யூனிபோமை நீலம் போட்டுத் தோய்த்தார்.

கண்காட்சிக்கு முதல் நாள் அதிபர் சேர் வந்து எங்கள் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். எல்லாம் படமும் எழுத்துமாக இருக்கிறது, வாறவங்க கண்ணில் படுகிற மாதிரி ஏதும் வேண்டும், அகதி முகாம் ஒன்று செய்தால் என்ன என்றார். ஒரு குடில் கட்டி, அதற்குள் உயிரோடு பிள்ளைகளை இருத்தி. டீச்சருக்கும் அது பிடித்துவிட்டது. வகுப்பை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அவருடைய கண் ஒவ்வொருவராகத் தொட்டுக்கொண்டு வந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே வந்து நிற்கும் என்று எனக்கு முன்பே தெரிந்துவிட்டது.

“மகள், நீங்க கொஞ்சப் பேர் இதச் செய்யுங்களே” என்று எங்கள் ரோட்டுப் பிள்ளைகளைக் கையால் காட்டினார். “உங்களுக்குத்தானே கிடுகெல்லாம் பழக்கம். வீட்டுல பழைய கிடுகும் இரிக்கும்தானே. உங்களுக்கு இயல்பா வரும்.”

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் இன்றைக்கும் என்னைக் கொல்கிறது. அதட்டிச் சொல்லியிருந்தால் நான் திருப்பிச் சொல்லியிருப்பேன். சிரித்த முகத்தோடு, ஒரு பரிசு தருகிற மாதிரிச் சொன்னார். மேப்பை என் பக்கத்து மேசைக்காரியிடம் கொடுத்தார். அவள் எனக்கு நல்ல கூட்டாளி, கருவாடு காயப்போடுகிற வாடி முதலாளியின் மகள், உள்ளூர்ப் பிள்ளை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான், “ஓம் டீச்சர்” என்றேன். இடம் தந்த ஆட்களோடு முகம் முறிக்கக் கூடாது.

வீட்டுக்குப் போய் உம்மாவிடம் எதையும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சட்டிகளுக்கு நடுவில் எங்களைப் படுக்க வைத்து வளர்த்தவரிடம், நாளைக்கு நான் கிடுகுக் குடிலுக்குள் அகதியாக இருக்கப் போகிறேன், பார்க்க வாருங்கள் என்று எப்படிச் சொல்வது? “நாளைக்கு வராதீங்க உம்மா, சரியான சனம், வெயிலும் கூட” என்றேன்.

“விசரா உனக்கு? நான் வராம?” என்றார் உம்மா. அபாயாவை ஏற்கெனவே அயன் பண்ணி ஆணியில் தொங்கவிட்டிருந்தார்.

மறுநாள் குடிலுக்குள் நாங்கள் இருந்தோம். மாணவத் தலைவி ஒருத்தி வந்து எங்கள் கன்னங்களில் கரி தடவினாள். கிழிந்த துணியால் தலையை மூடினாள். முன்னால் ஒரு நசுங்கிய சிலுவர்ப் பிளேட். குடில் வாசலில் ஒரு காட்போட் மட்டை தொங்கியது. “நான் ஓர் அகதி. என்னிடம் கேளுங்கள்” என்று எழுதி, அதன் கீழ் கேட்க வேண்டிய கேள்விகளையும் எழுதியிருந்தார்கள். நீங்கள் எந்த நாடு? வரும்போது என்ன கொண்டு வந்தீர்கள்? எப்போது திரும்பிப் போவீர்கள்? நாங்கள் சொல்ல வேண்டிய பதிலும் தயாராக இருந்தது. நாங்கள் சூடான் நாட்டவர்கள். கொண்டு வந்தது ஒரு போர்வையும் ஒரு பானையும். சமாதானம் வந்ததும் திரும்பிப் போவோம்.

வலயத்திலிருந்து வந்த பெரியவர் குனிந்து எங்களைப் பார்த்தார். “அப்படியே தத்ரூபமா இரிக்கி” என்றார். “எங்க புடிச்சீங்க இந்தப் புள்ளைகள?”

“எங்கட புள்ளைகள்தான் சேர். அகதி ரோட்டுப் புள்ளைகள்” என்றார் அதிபர்.

“அதானே பார்த்தன்” என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். படம் எடுத்தார்கள். யாரோ ஒரு பெண்மணி இரக்கப்பட்டு பிளேட்டில் ஒரு மாரி பிஸ்கட் பைக்கற்றை வைத்துவிட்டுப் போனார். விளையாட்டுக்கு வைத்தாரா, உண்மையாகவே வைத்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நிலத்தைப் பார்த்தபடி, உம்மா வரக் கூடாது, உம்மா வரக் கூடாது என்று துஆ கேட்டுக்கொண்டே இருந்தேன்.

உம்மா வந்தார்.

செருப்பை வைத்தே தெரிந்தது. நான் நிமிரவில்லை. துணியை இன்னும் முன்னால் இழுத்துவிட்டு, தாடையை நெஞ்சில் புதைத்துக்கொண்டேன். உம்மா மட்டைக்கு முன்னால் நின்று எழுத்துக் கூட்டி வாசித்தார். அவருக்கு வாசிப்பு மெதுவாகத்தான் வரும். வாசித்து முடித்ததும் செருப்பு எங்கள் பக்கம் திரும்பியது.

“நீங்க எந்த நாடு மகள்?” என்று கேட்டார்.

வேறு யாரோ வீட்டுப் பிள்ளையிடம் கேட்பது மாதிரி மரியாதையாகக் கேட்டார். என்னை அவர் நீ, புள்ள என்றுதான் கூப்பிடுவார். எனக்குப் பக்கத்தில் இருந்தவள் பதில் சொன்னாள். “சூடான்.”

“என்ன கொண்டு வந்தீங்க?”

“ஒரு போர்வையும் ஒரு பானையும்.”

மூன்றாவது கேள்வியை உம்மா கேட்கவில்லை. “அல்லாஹ் லேசாக்கித் தருவான்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். கிடுகு இடைவெளியால் பார்த்தேன். நேரே வரைபடத்துக்குப் போனார். என் கூட்டாளி நீளக் கம்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு இங்கிலீசில் விளக்கிக்கொண்டிருந்தாள். நான் பாடமாக்கிய அதே வசனங்கள். உம்மா ஆட்களுக்குப் பின்னால் நின்று, அவள் சொல்லி முடிக்கும்வரைக்கும் கேட்டார். அவருக்கு இங்கிலீசில் ஒரு சொல் விளங்காது. கடைசியில் மற்றவர்களோடு சேர்ந்து கை தட்டினார்.

கரியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, பின்னேரம் பயந்து பயந்து வீட்டுக்குப் போனேன். உம்மா மீன் பொரித்து வைத்திருந்தார். “நல்லா விளக்கின புள்ள. எல்லாரும் கை தட்டினாங்க” என்றார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். வாப்பா கோல் எடுத்தபோது அவரிடமும் அதையே சொன்னார். “கம்பு ஒண்டப் புடிச்சிக்கிட்டு, அங்க இங்க காட்டி, இங்கிலீசில என்ன கதை. நான் பின்னுக்கு நிண்டு பார்த்தன்.”

உம்மா ஆள் மாறிப் பார்த்துவிட்டார் என்று நான் முடிவு செய்தேன். என் கூட்டாளியும் என் உயரம்தான், அதே யூனிபோம், அதே பர்தா, முன்னால் அவ்வளவு சனம். குடிலுக்குள்ளே இருட்டு, முகத்தில் கரி. பெற்ற தாய்க்குப் பிள்ளையின் விரலைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வேறு வழியில்லை, அப்படி நம்பினால்தான் அன்றிரவு நான் தூங்கலாம். எங்கள் ரோட்டில் குடிலுக்குள் இருந்த மற்றப் பிள்ளைகளும் வீட்டில் வாய் திறக்கவில்லை. ஒருவரோடு ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஊமையாகிவிட்டோம்.

உலகப் பாடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு தவணை முடிவிலும் எல்லாரும் வட்டமாக இருந்து, இந்தத் தவணையில் கேட்காமல் விட்ட கேள்வி என்ன என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். கண்காட்சி முடிந்த கிழமையும் இருந்தோம். டீச்சர் நல்ல சந்தோஷத்தில் இருந்தார். வலயத்தில் எங்கள் குடிலைப் பாராட்டினார்களாம். பிள்ளைகள் அதையும் இதையும் சொல்லிக்கொண்டு வந்தார்கள். என் கூட்டாளியின் முறை வந்தது. அவள் குடில் படத்தைக் கையில் வைத்திருந்தாள். வலயத்துப் பெரியவர் நடுவில் சிரித்துக்கொண்டு நிற்க, நாங்கள் கீழே குந்தியிருக்கிற படம்.

“டீச்சர், இந்தப் படத்தில யார்ட கதைய நாங்க கேக்கல்ல?” என்றாள்.

டீச்சர் விளங்காமல் பார்த்தார்.

“குடிலுக்குள்ள இருந்த எல்லாரும் ஒரே ரோட்டு ஆக்கள். என்ன ஏன் அதுக்குள்ள இருத்தல்ல? மேப் படிச்சது அவதானே, நான் ஏன் மேப்போட நிண்டன்? அவங்கட உம்மாக்கள் வாப்பாக்கள் உண்மையாவே வந்தவங்க. அவங்கள்ட ஏன் நாங்க போய்க் கேக்கல்ல?”

எங்கள் ரோட்டுப் பிள்ளைகள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டோம். உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த நேரத்தில் அவள்மேல்தான் ஆத்திரம் வந்தது. நாங்கள் மறைத்து வைத்திருந்ததை எடுத்து நடு வகுப்பில் போட்டுவிட்டாள். குடிலுக்குள் இருந்த வெட்கத்தைவிட, இன்னொருத்தி எனக்காக வாய் திறந்த வெட்கம் பெரிதாக இருந்தது. அவள் கேட்டது நியாயம் என்று தெரிந்ததால் இன்னும் பெரிதாக இருந்தது.

டீச்சரின் முகத்தில் சிரிப்பு மெல்ல மெல்ல இல்லாமல் போனது. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “நான் யோசிக்கல்ல” என்றார். “யோசிக்கச் சொல்லித் தந்ததே நான். நான் யோசிக்கல்ல.” மணி அடித்தபோது அவளிடமிருந்து அந்தப் படத்தை வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

என்ன பயன் என்று கேட்கிற வாப்பாமாருக்கு நான் சொல்லாமல் விடுகிற பதில் அதுதான். பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருத்தி, தனக்கு ஒரு குறையும் வராத விஷயத்தில், தன் டீச்சரையே பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டாள். குளிர் நாட்டுப் பிள்ளைகளின் காற்றைப் பற்றிக் கேட்டுப் பழகியிருக்காவிட்டால் பக்கத்து மேசையில் இருந்த என்னை அவள் பார்த்திருக்கமாட்டாள். அவளுடைய பெற்றோர் இருபது வருடமாகக் கடந்து போன ரோடு அது. கெட்டவர்கள் இல்லை, வந்த நாளில் சோறு கொடுத்தவர்கள். கேள்விதான் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. வாப்பாவும் உம்மாவும் என்ன கொண்டு வந்தார்கள் என்று எனக்கே தெரியாது, சூடான்காரர்கள் கொண்டு வந்தது தெரியும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் ரோட்டுக்குள் ஒரு டீச்சர் வருவது அதுதான் முதல் தடவை. கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு கேக் பெட்டியும். கேட்டடியில் அவரைக் கண்டதுமே நான் அறைக்குள் போய்விட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறார் என்று தெரிந்தது. கேட்டால் உம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிடும். கம்பு பிடித்து விளக்கியது நான் இல்லை, பிளேட்டுக்கு முன்னால் இருந்தது நான் என்று தெரிந்துவிடும். வாப்பாவுக்குச் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். டீச்சரிடம் ஓடிப்போய்ச் சொல்லாதீங்க என்று கெஞ்சலாமா என்று நினைத்தேன். அதற்குள் உம்மா அவரை உள்ளே கூட்டி வந்துவிட்டார்.

நல்ல கதிரையைத் துடைத்துப் போட்டார். அலுமாரியிலிருந்து பெருநாளுக்கு மட்டும் எடுக்கிற கோப்பைகளை எடுத்தார். தேத்தண்ணி ஊற்றினார். டீச்சர் பூசாத சுவரையும் உம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அறைக் கதவின் பின்னால் நின்றேன்.

“ராத்தா, எக்ஸிபிஷன் அண்டைக்கு நான் ஒரு பிழை…” என்று டீச்சர் தொடங்கினார்.

“நான் வந்தனே டீச்சர்” என்று உம்மா குறுக்கே விழுந்தார். “எல்லாம் பார்த்தன். மகள் மேப்ப எவ்வளவு வடிவா விளக்கினா. உங்கட படிப்புத்தான். அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்வான். கேக்கக் குடிக்காம வச்சிரிக்கீங்க, தேத்தண்ணி ஆறுது.” உம்மாவுக்குக் கேக்கும் தேத்தண்ணியும் குழம்பிவிட்டது. ஒரு நாளும் அப்படிப் படபடவென்று கதைக்கிறவர் இல்லை.

டீச்சர் உம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோப்பையை எடுத்துக் குடித்தார். மழையைப் பற்றியும், கிணற்றுத் தண்ணீர் உவர் ஏறுவதைப் பற்றியும் கொஞ்சம் கதைத்தார்கள். தப்பிவிட்டேன், உம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன்.

டீச்சர் எழும்பியபோது உம்மா கேட் வரைக்கும் கூடப் போனார். நான் முன் ஜன்னலடிக்கு வந்து நின்றேன், அங்கிருந்து கேட்டுக்கு அதிக தூரம் இல்லை. டீச்சர் செருப்பைப் போட்டுக்கொண்டிருக்க, உம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். நான் அறைக்குள் இருக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

“அடுத்த முறையாவது அவக்கு மேப்பையே குடுங்க டீச்சர்” என்றார். “அவட வாப்பா அங்க தறப்பாளுக்குள்ள தனியக் கிடக்கிறார். அவருக்கிட்ட நான் அப்படித்தான் சொல்லி இரிக்கன்.”

டீச்சர் தலையை ஆட்டினார். அவர் அழுதது எனக்கு ஜன்னலால் தெரிந்தது. உம்மா கேட்டைச் சாத்திக் கொளுவிவிட்டு உள்ளே வந்து, கோப்பைகளைக் கழுவி அலுமாரியில் வைத்தார். பிறகு கேக் துண்டு ஒன்றை வெட்டி, மேப் விளக்கினதுக்குத் தந்தது என்று சொல்லி என் கையில் வைத்தார். நான் வாங்கிச் சாப்பிட்டேன்.